நனையாத காற்று

வேலூரில் என் பெரியம்மா வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பு, கோடையில் மோருக்கென்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. எவர்சில்வர் தூக்கு நிறைய மோர் ஊற்றி மூடியை அழுத்திச் சாத்துவார். பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து தூக்கைச் சுற்றிக் கட்டுவார். தாழ்வாரத்தில் காற்று ஓடும் இடமாகப் பார்த்து வைத்துவிடுவார். துணி காயத் தொடங்கினால் கையால் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளின் வேலை. "தண்ணி உள்ள போயிடாதா பெரியம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "துணிதானடா நனையுது, மோரா நனையுது?" என்றார்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம்தான்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் ஒரு மண்பானையும் இருந்தது. பானையும் தூக்கும் ஒரே காரணத்தால்தான் குளிர்கின்றன என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. பானையில் உள்ளே இருக்கும் தண்ணீரே மண்ணின் நுண்துளைகள் வழியாகக் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. குளிரவேண்டிய பொருளே தன்னில் கொஞ்சத்தை இழந்து குளிர்கிறது. தூக்கில் அப்படியில்லை. ஆவியாகும் தண்ணீர் வேறு, குளிரும் மோர் வேறு. நடுவில் ஒரு தகடு. அந்தத் தகடு வெப்பத்தை விடும், தண்ணீரை விடாது. மறைமுக ஆவிக்குளிர்விப்பு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். மோர் இருந்த இடத்தில் காற்றை வைத்தால் போதும்.

காற்றை ஏன் நனைக்காமல் குளிர்விக்க வேண்டும்? சென்னைக்குக் குடிவந்த முதல் கோடையில் இதற்கு விடை கிடைத்தது. புல் போன்ற மரச்சீவல் அடைத்த ஒரு ஏர்கூலரை வாங்கிக் கூடத்தில் வைத்தோம். முதல் அரை மணி நேரம் சுகமாக இருந்தது. பிறகு தரை பிசுபிசுத்தது. டப்பாவில் இருந்த அப்பளம் நமத்துப்போனது. உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொண்டது. மேஜைமேல் இருந்த காகிதங்கள் ஓரம் சுருண்டன. எங்கள் உடம்பில் வியர்வை காயவே இல்லை. வேலூரில் அதே கூலர் அற்புதமாக ஓடியிருக்கும். சென்னையில் அது அறையைக் குளத்தங்கரை ஆக்கியது.

தண்ணீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதுவும் ஏராளமாக. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். 30 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2,430 ஜூல் தேவை. திரவத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளைப் பிய்த்து அனுப்புவதற்கான விலை அது. பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்போம். காற்றின் கணக்கு வேறு. ஒரு கிலோ காற்று, அதாவது ஒரு இரும்பு பீரோ கொள்ளும் அளவு காற்று, ஒரு டிகிரி குளிர வெறும் 1,000 ஜூலை இழந்தால் போதும். ஆக, ஒரே ஒரு கிராம் தண்ணீர், சுமார் இருபது சொட்டு, ஆவியானால் ஒரு பீரோ நிறைய காற்று 2.4 டிகிரி குளிர்ந்துவிடும். இவ்வளவு மலிவான குளிர்ச்சி வேறு எங்கும் கிடையாது. குளிர்பதனப் பொருள்களுக்கு எண் கொடுக்கும் பட்டியலில் தண்ணீருக்கும் ஓர் எண் இருக்கிறது: ஆர்-718.

ஆனால் இந்தக் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. காற்று எவ்வளவு சூடு என்பது மட்டுமல்ல, எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் அந்த எல்லையைத் தீர்மானிக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத் திரியைச் சுற்றி, அதன்மேல் காற்று ஓடவிட்டால் பாதரசம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நனைந்த எந்தப் பொருளும், நம் வியர்த்த தோல் உட்பட, அந்தக் காற்றில் வெறும் ஆவியாதலால் அதற்குக் கீழே போகமுடியாது. ஏர் கண்டிஷனரின் தந்தை எனப்படும் வில்லிஸ் கேரியர் 1911இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் படித்த கட்டுரையில் சூடு, ஈரம், ஈரக்குமிழ் ஆகிய மூன்றையும் சூத்திரங்களில் கட்டிவைத்தார். அந்த வழியில் வந்த வரைபடத்தை இன்றும் இந்தத் துறையில் இருப்பவர்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

நாக்பூரிலோ ஜோத்பூரிலோ ஒரு மே மாத மதியத்தை எடுத்துக்கொள்வோம். காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம். ஒரு கிலோ காற்றில் சுமார் 9 கிராம் நீராவி. ஈரக்குமிழ் வெப்பநிலை 22 டிகிரி. அதாவது 18 டிகிரி இறக்கம் நம் கையில் இருக்கிறது. நல்ல ஏர்கூலர் அதில் 85 சதவீதத்தை எட்டும். காற்று 25 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். அதற்குள் 9 கிராம் நீராவி 15 கிராம் ஆகியிருக்கும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டிருக்கும்.

இப்போது அதே காற்றைத் தூக்குக்குள் அனுப்புவோம்.

மறைமுகக் கருவியின் இதயம் ஒரு வெப்பப் பரிமாற்றி. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கியது. ஓர் இடைவெளி உலர்ந்தது, அடுத்தது ஈரமானது, அதற்கடுத்தது உலர்ந்தது என்று மாறி மாறி வரும். நமக்கு வேண்டிய காற்று உலர்ந்த சந்துகளில் போகும். ஈரச் சந்துகளில் தண்ணீர் ஊறிய சுவர்களை உரசிக்கொண்டு வேறொரு காற்று போகும். அந்தச் சுவரில் தண்ணீர் ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. தகடு உலர்ந்த பக்கத்துக் காற்றிலிருந்து அதை வாங்குகிறது. ஈரப்பக்கத்துக் காற்று, நம் அறையின் சூட்டையும் நீராவியையும் சுமந்துகொண்டு வெளியே போய்விடும். அறைக்குள் அது நுழைவதே இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் இப்படிப்பட்ட அடுக்கு ஒன்றைப் பிரித்துவைத்திருந்தார்கள். தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உலோகம் என்று எதிர்பார்த்திருந்தேன், பிளாஸ்டிக். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கத்தில் மெல்லிய கம்பளி போல ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். சொட்டாக நிற்கவில்லை, மைத்தாளில் பட்ட மை மாதிரி உடனே பரவி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ஈரவட்டம் ஆனது. அதற்காகத்தான் அந்தக் கம்பளி. தண்ணீர் வழிந்தோடினால் தகட்டின் பெரும்பகுதி காய்ந்துகிடக்கும். துணியில் ஊறுவதுபோல ஊறி நின்றால்தான் ஒவ்வோர் அங்குலமும் வேலை செய்யும். பெரியம்மா துணியைப் பிழிந்து கட்டியதன் பொருளும் இதுதான்: சொட்டும் தண்ணீர் வீண், ஊறிய தண்ணீரே உழைக்கும்.

பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாதே, பிறகு எப்படி? அங்கிருந்த மூத்த மெக்கானிக்கிடம் கேட்டேன். "சார், தகடு ஒரு பெரிய தடையே இல்ல. காத்துதான் தடை" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. காற்று தகட்டைத் தொடும் இடத்தில் அசையாத ஒரு மெல்லிய படலம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படலம் வெப்பத்துக்குக் கொடுக்கும் எதிர்ப்பில், மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் கொடுப்பது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். செம்பு போட்டாலும் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. துருப்பிடிக்காத, விலை குறைந்த பிளாஸ்டிக்கே போதும். இந்தக் கருவிகள் சாதாரண மனிதர்களுக்கு எட்டும் விலையில் வரமுடியும் என்ற நம்பிக்கை எனக்கு அந்தப் பட்டறையில்தான் வந்தது.

அந்தத் தகட்டின் ஓரங்களில் வெள்ளையாக ஓடு கட்டியிருந்ததையும் சொல்லவேண்டும். தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் ஆவியாகாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோலக் கம்பளியின் இழைகளுக்குள் படிந்து, கடைசியில் தண்ணீர் ஊறவே விடாமல் அடைத்துவிடும். அதனால் தொட்டியில் தங்கும் உப்புத் தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் ஊர்களில் இந்தக் கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது மின்விசிறி அல்ல, இந்த ஓடுதான்.

நாக்பூர்க் காற்றுக்குத் திரும்புவோம். சாதாரண மறைமுகக் கருவி, இருக்கிற 18 டிகிரி இறக்கத்தில் அறுபது சதவீதத்தைத் தரும். 40 டிகிரியில் உள்ளே போன காற்று 29 டிகிரியில் வெளியே வரும். நீராவி அதே 9 கிராம். ஒரு துளி கூடவில்லை. ஈரப்பதச் சதவீதம் மட்டும் 20இலிருந்து 36 ஆகும். குளிர்ந்த காற்றின் கொள்ளளவு சிறிது. அதனால் அதே நீராவி சதவீதக் கணக்கில் பெரிதாகத் தெரிகிறது. விற்பனைத் தாள்களில் ஈரப்பதம் மாறாது என்று எழுதுகிறார்கள். மாறாதது நீராவியின் அளவு. சதவீதம் ஏறத்தான் செய்யும்.

29 டிகிரியைவிட ஏர்கூலரின் 25 மேல் அல்லவா? வறண்ட ஊரில், ஜன்னல் திறந்த கூடத்தில், ஆமாம். மறைமுகக் கருவியின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 29 டிகிரிக்கு வந்த அந்தக் காற்று இன்னும் உலர்ந்தே இருக்கிறது. அதன் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பாருங்கள்: 22 அல்ல, 18.6 ஆகிவிட்டது. இப்போது அதை ஒரு சாதாரண ஏர்கூலர் வழியாக அனுப்பினால் 20 டிகிரிக்கு வந்துவிடும். வெளிக்காற்றின் எல்லையென்று நாம் நினைத்த 22க்கும் கீழே. அதில் உள்ள நீராவியும் 15 கிராம் அல்ல, சுமார் 13 கிராம்தான். இரட்டைக் கட்டக் கருவிகள் என்று பெரிய அரங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் பொருத்தப்படுபவை இவைதான்.

நனைந்த காற்று செய்த ஒரு விபரீதத்தை இங்கே சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பிரைன்வில் என்ற வறண்ட மேட்டுநிலத்து ஊரில், 2011இல் ஃபேஸ்புக் தன் முதல் சொந்தத் தரவு மையத்தைத் திறந்தது. ஏசி இயந்திரங்கள் இல்லை. வெளிக்காற்றில் நீர்த்திவலை தெளித்து, அந்தக் காற்றையே கணினிகளுக்கு ஊட்டும் ஏற்பாடு. அந்தக் கோடையில் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட ஒரு பிழையால், கணினிகளிலிருந்து வந்த சூடான உலர்காற்றே திரும்பத் திரும்பத் திவலைகளுக்குள் போய் வந்தது. கணினி வரிசைகளுக்கு வந்த காற்று 27 டிகிரியைத் தொட்டது. ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தாண்டியது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு மேகம் உருவாகி, மின்வழங்கிகள் நனைந்து, கணினிகள் அணைந்து அணைந்து மீண்டும் இயங்கின. 2018இல் அதே நிறுவனம் நார்டெக் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து வேறொரு ஏற்பாட்டை அறிவித்தது. அதில் தண்ணீர் ஒரு சவ்வுக்குப் பின்னால் ஓடும். சவ்வு நீராவியை மட்டும் வெளியே விட்டு, தண்ணீரைத் தடுத்துவிடும். இப்படிக் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டு கணினி அறையின் காற்றைக் குளிர்விப்பார்கள். தெளித்த ஈரம் கணினியின் பக்கமே வராது.

இனி இந்த அத்தியாயத்தின் அழகான பகுதி. என்னைப் பல இரவுகள் விழித்திருக்க வைத்த யோசனை இது.

வாலெரி மைசோட்சென்கோ சோவியத் காலத்தில் உக்ரைனின் ஒடெசா நகரில் பணியாற்றிய விஞ்ஞானி. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஈரச் சந்தில் போகும் காற்றுக்கு ஏன் வெளியிலிருக்கும் சூடான காற்றையே எடுக்கவேண்டும்? உலர்ந்த சந்தில் குளிர்ந்து முடித்த காற்று கையில் இருக்கிறதே. அதில் ஒரு பங்கைத் திருப்பி ஈரச் சந்துக்குள் விட்டால் என்ன?

என்ன ஆகும் என்று படிப்படியாகப் பாருங்கள். 40 டிகிரிக் காற்றின் ஈரக்குமிழ் எல்லை 22. அதே காற்று, நனையாமல், 29க்கு வந்தால் எல்லை 18.6. 22க்கு வந்தால் எல்லை 16. 16க்கே வந்துவிட்டால் எல்லை 14. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அடுத்த படி இன்னும் கீழே தெரிகிறது. படிகள் முடியும் இடம் 13 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அங்கே அந்தக் காற்றிலிருக்கும் 9 கிராம் நீராவியே பனித்துளியாகத் தொடங்கும். அதனால்தான் அந்த எல்லைக்குப் பனிநிலை என்று பெயர். காற்றை ஒரு துளியும் நனைக்காமல், ஒரு கம்ப்ரசர்கூட இல்லாமல், ஈரக்குமிழ் எல்லையைக் கடந்து பனிநிலையை நோக்கிப் போகமுடியும் என்பது மைசோட்சென்கோ சுழற்சியின் சாரம்.

நடைமுறையில் அவ்வளவு தூரம் போவதில்லை. திருப்பி விடும் காற்று நமக்குக் கிடைக்காமல் போகிற காற்று. குளிர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு போல அதற்குச் செலவாகிறது. சந்துகள் நீண்டால் விசிறிக்குப் பாரம் கூடும். ஆனாலும் நம் நாக்பூர் மதியத்தில் 19, 20 டிகிரிக் காற்று, வெறும் 9 கிராம் நீராவியோடு கிடைக்கும். ஏர்கூலரால் இது முடியவே முடியாது. மைசோட்சென்கோ பின்னர் அமெரிக்கா போனார். கொலராடோ மாநிலத்தில் கூலராடோ என்ற நிறுவனம் இந்தச் சுழற்சியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2015இல் ஆஸ்திரேலியாவின் சீலி இன்டர்நேஷனல் அதை வாங்கியது. கோடையில் வறண்ட காற்று வீசும் அடிலெய்டு நகரத்தின் நிறுவனம் அது. சூடும் வறட்சியும் ஒன்றாக இருக்கும் நிலங்கள்தான் இந்தத் தொழில்நுட்பத்துக்குத் தாய்வீடு.

அப்படியானால் சென்னைக்கு? ஒரு ஜூன் மாத மாலை, 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். ஈரக்குமிழ் 28. பனிநிலை 26. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டினாலும் வெளிக்காற்றை மட்டும் நம்பினால் 30 டிகிரியைச் சுற்றித்தான் நிற்போம். சில ஆண்டுகளுக்கு முன்பு பெரியம்மாவின் தூக்கை வேலூரிலும் என் சென்னை மாடியிலும் வைத்துப் பார்த்தேன். அதே துணி, அதே வெப்பமானி. வேலூர் மதியத்தில் மோர் 27க்கு இறங்கியது. சென்னையில் 30ஐ விட்டு அசையவில்லை. கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் காற்றைத் தண்ணீரில் கழுவி அனுப்பும் பெரிய கூடங்கள் உண்டு. அங்கே ஈரம் தேவை. ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஈரம் தேவையில்லை.

ஆனால் சென்னையிலும் ஓர் உலர்ந்த காற்று இருக்கிறது. தினமும் அதை வீணாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோம். ஏசி ஓடும் மருத்துவமனைகளும் திரையரங்குகளும் அலுவலகங்களும் மூச்சுக்காற்றுக்காக வெளிக்காற்றை உள்ளே இழுத்து, அதே அளவு உள்காற்றை வெளியே தள்ளவேண்டும். அப்படித் தள்ளப்படும் காற்று 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால், அதன் ஈரக்குமிழ் 18 டிகிரி. அதை ஈரச் சந்துக்குள் விட்டு, உள்ளே வரும் 35 டிகிரிக் காற்றை உலர்ந்த சந்தில் விட்டால்? உள்ளே வரும் காற்று படும் தகடு 26க்கும் கீழே குளிர்ந்திருக்கும். சென்னைக் காற்றின் நீராவி அந்தத் தகட்டில் வியர்த்து வழியத் தொடங்கும். ஆவியாதலால் இயங்கும் கருவி, தன் மறுபக்கத்தில் காற்றை உலர்த்துகிறது! புழுக்கமான ஹாங்காங்கில் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வியர்க்கும் தகட்டை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஏசி இயந்திரத்துக்கு வரவேண்டிய சுமையில் ஒரு பெரும் பங்கை அதற்கு முன்பே இறக்கிவைக்கும் இந்த ஏற்பாடு, கடற்கரை நகரங்களின் புதிய கட்டடங்களில் சட்டமாகவே வரவேண்டும் என்பது என் எண்ணம்.

தண்ணீர்ச் செலவைக் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஒரு டன் ஏசிக்கு இணையான குளிர்ச்சி தர, மணிக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் ஆவியாகவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மூன்று குடம். உப்பு வெளியேற்றும் தண்ணீர் தனி. பதிலுக்கு, மணிக்கு ஒரு யூனிட் போல மின்சாரம் தின்னும் கம்ப்ரசர் கிடையாது. ஒரு விசிறியும் சிறிய பம்பும்தான். அறையின் சூட்டைத் தெருவில் அனல் காற்றாகக் கொட்டுவதும் இல்லை. அது நீராவிக்குள் ஒளிந்து போய்விடும். மூன்று குடம் தண்ணீருக்குத் தெருக்குழாயில் காத்து நிற்கும் வீட்டுக்கு இது ஏற்ற பொருள் அல்ல. கழிவுநீரைச் சுத்திகரித்து வைத்திருக்கும் ஒரு வளாகத்துக்கு மிகவும் ஏற்றது, உப்பை மட்டும் கவனித்துக்கொண்டால்.

இன்னொரு வழியும் திறந்துகொண்டிருக்கிறது. காற்று ஈரமாக இருப்பதுதான் சிக்கல் என்றால், முதலில் அதை உலர்த்திவிட்டுப் பிறகு ஆவியால் குளிர்விக்கலாம். கொலராடோவின் கோல்டன் நகரில் உள்ள அமெரிக்க தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இந்த இரண்டையும் ஒரே கருவிக்குள் இணைத்துப் பார்த்தது. காற்று முதலில் அடர்ந்த உப்புக் கரைசல் ஓடும் ஒரு சவ்வை உரசிப் போகும். கரைசல் நீராவியை இழுத்துக்கொள்ளும். உலர்ந்த அந்தக் காற்று பிறகு மைசோட்சென்கோ பாணிச் சந்துகளில் படியிறங்கும். நீர்த்துப்போன கரைசலைச் சூடாக்கினால் குடித்த நீரைக் கக்கிவிட்டு மறுபடி வேலைக்கு வரும். அந்தச் சூட்டுக்கு எரிவாயு போதும், வெயிலும் போதும். என் கூடத்தில் அந்தக் கோடையில் உப்பு ஜாடிக்குள் நடந்ததும் இதே வேலைதான். நமத்த உப்பை என் மனைவி முறத்தில் பரப்பி மாடி வெயிலில் காயவைத்தாள். மாலைக்குள் அது கலகலவென்று உதிர்ந்தது.